ஜாக்கெட் சரியா அமையலைன்னா குறை உடம்பில் இல்லை: உடல்வாகுக்கு ஏத்த கட்டிங், துணி, கொசுவம் (விவாத இழை)

மல்லிச்சரம் | பதிவு 1

வணக்கம் தோழிகளே. உறவுக்காரப் பொண்ணு ஒருத்திக்கு ரிசப்ஷனுக்கு ரெண்டு சேலை எடுத்து ஜாக்கெட் தைக்கணும். அளவு எடுத்து வெச்சிருக்கேன்: உயரம் 5 அடி 1 இன்ச், தோள் 14, மேல் மார்பு 35, மார்பு 38, ஜாக்கெட் முடியுற இடம் 32, இடை 33, ஹிப் 43. ரெடிமேட்ல 38 சைஸ் போட்டா தோள் சரியுது, முன்னாடி ஹூக் கிட்ட இழுக்குது, முதுகு மட்டும் லூஸா நிக்குது. கோரா காட்டன் கட்டினா இடுப்புக்குக் கீழே கூடாரம் மாதிரி விரியுது. இது பேரிக்காய் உடல்வாகுன்னு சொல்றாங்க. அப்படின்னா என்ன மாதிரி துணி, என்ன கட்டிங்? தெரிஞ்சவங்க விவரமா சொல்லுங்க.

கத்தரிமேசை | பதிவு 2

பேரிக்காய், ஆப்பிள்ங்கிற பேரெல்லாம் கவுனும் பேண்ட்டும் தைக்கிறவங்களுக்குத்தான் அதிகம் உதவும். ஹிப் மார்பை விட 5 இன்ச் கூட, அதனால பேரிக்காய், சரி. ஆனா சேலை கட்டுற பொண்ணுக்கு ஹிப்பை மறைக்க அஞ்சரை மீட்டர் துணி இருக்கு. மாட்டிக்கிறது ஜாக்கெட்லதான். அங்கே பார்க்க வேண்டிய எண் ஹிப் இல்லை, மேல் மார்புக்கும் மார்புக்கும் உள்ள வித்தியாசம். இவங்களுக்கு 38-ல 35 போனா 3 இன்ச். 2 இன்ச்சுக்கு மேல போனாலே சாதாரண கட்டிங் உட்காராது.

ஏன்னு சொல்றேன். 38 சைஸ் வெட்டுறவங்க தோள், கழுத்து அகலம், ஆம்ஹோல் (கை பொருத்துற குழி), முதுகு எல்லாத்தையும் 38-க்கு ஏத்த மாதிரி பெருசாக்கிடுறாங்க. ஆனா இந்தப் பொண்ணுக்கு எலும்புக்கூடு 36 அளவுதான் (மேல் மார்பு 35-க்கு அடுத்த சைஸ்), மார்பு மட்டும் 38. அதனாலதான் தோள் சரியுது, முதுகு லூஸ், முன்னாடி இழுப்பு. மூணும் ஒரே தப்போட மூணு முகம்.

சரியான முறை இது. தோள், கழுத்து, ஆம்ஹோல், முதுகு எல்லாம் 36-க்கு வெட்டணும். முதுகு பாதி: 36-ஓட லூஸ் 1 இன்ச் சேர்த்து 37, அதை நாலால வகுத்தா 9¼. மொத்தம் வேண்டியது 38-ஓட 1½ சேர்த்து 39½. முழு முதுகு 18½ போக மீதி 21, அதாவது முன்பக்கம் பாதி 10½. முதுகை விட முன்பக்கம் ஒவ்வொரு பாதியிலும் 1¼ இன்ச் கூட வரும். தையலுக்கு விடுற துணி இதுக்கு வெளியே. அந்த 1¼ இன்ச்சை டாட்ல, அதாவது கூம்பா முடியுற உள்மடிப்புத் தையல்ல, பிடிக்கணும். பக்கத்தையலில் பிடிச்சா மார்புக்கு இடம் கிடைக்காது, அக்குள்ல மடிப்பு விழும்.

இன்னொண்ணு. அளவு ஜாக்கெட் கொடுத்துத் தைக்கிற பழக்கத்தை இந்த ஒரு தடவையாவது விடுங்க. அந்த ஜாக்கெட்ல என்ன தப்பு இருக்கோ அது அப்படியே அடுத்த பத்து ஜாக்கெட்டுக்கும் போகும்.

பொன்னூசி | பதிவு 3

கத்தரிமேசை சொன்ன கணக்கு அப்படியே சரி. ரெண்டு அளவை மட்டும் கூட எடுத்துக்கோங்க: தோள் உச்சியிலிருந்து மார்பு நுனி வரைக்கும் உயரம், ரெண்டு நுனிக்கும் நடுவில் உள்ள இடைவெளி. விசேஷத்தன்னைக்கு போடப்போற அதே உள்ளாடையைப் போட்டுக்கிட்டு எடுக்கணும். உள்ளாடை மாறினா பாயிண்ட் (மார்பு நுனி) அரை இன்ச்லிருந்து ஒரு இன்ச் வரைக்கும் ஏறி இறங்கும். கீழ் டாட் நுனிக்கு முக்கால் இன்ச் முன்னாடியே நிக்கணும். நுனி வரைக்கும் கொண்டு போனா கூம்பு மாதிரி குத்திக்கிட்டு நிக்கும்.

ட்ரையல் பார்க்கும்போது கண்ணாடியில முகத்தைப் பார்க்காம சுருக்கத்தைப் பாருங்க. சுருக்கம் எங்கே ஆரம்பிச்சு எங்கே போகுதுங்கிறது நேரா தப்பு இருக்கிற இடத்தைக் காட்டிடும்.

மார்பு நுனியிலிருந்து அக்குளுக்குச் சாய்வா கோடு போனா டாட்ல பிடிச்ச துணி போதலைன்னு அர்த்தம். ஹூக் வரிசையில கண் மாதிரி திறந்துக்கிட்டா முன்பக்கம் அகலம் பத்தலை. அதுக்கு ஹூக்கை நகர்த்துறதால பிரயோஜனம் இல்லை. முதுகில் கழுத்தோரத்திலிருந்து அக்குளுக்குச் சாய்வா ஒரு மடிப்பு விழுந்தா உடம்போட தோள் சரிவு ஜாக்கெட்டை விட அதிகம். தோள் தையலை கைப்பக்க நுனியில மட்டும் கால் இன்ச் இறக்கிப் பிடிச்சா அந்த மடிப்பு போயிடும். கால் இன்ச் இறங்கின ஆம்ஹோலை அடியில அதே அளவு சரி பண்ணிக்கணும். முன் கழுத்து உடம்போட ஒட்டாம வாய் திறந்து நின்னா, அந்தக் கூடுதல் துணியை விரலால கிள்ளிப் பாருங்க. பெரும்பாலும் கால் இன்ச்லிருந்து அரை இன்ச் இருக்கும். அதை பேப்பர் கட்டிங்லயே கழுத்திலிருந்து எடுத்துக் கீழ் டாட்டுக்குத் தள்ளணும். தைச்ச பிறகு நாட் கயிறு கட்டி இழுத்து மூடினா தோள்தான் ஏறும்.

அப்புறம் ரெண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கச் சொல்லுங்க. ஜாக்கெட் முழுசா மேலே ஏறி அடிப்பகுதி மார்புல வந்து நின்னா ஆம்ஹோல் ரொம்ப இறக்கமா வெட்டியிருக்கு. நிறைய பேர் இங்கே தலைகீழா நினைக்கிறாங்க. கை தூக்க முடியலைன்னதும் ஆம்ஹோலை இன்னும் தோண்டுவாங்க. அக்குளை ஒட்டி மேலே இருக்கிற ஆம்ஹோல்லதான் கை சுதந்திரமா அசையும், ஜாக்கெட் கீழேயே நிக்கும். குழி ஆழமானா கையும் உடம்பும் ஒரே துண்டு மாதிரி சேர்ந்து இழுக்கும்.

நெசவுத்தெரு | பதிவு 4

துணியைப் பத்தி நான் சொல்றேன். கோரா காட்டன் விரியுறதுக்குக் காரணம் அந்தத் துணியோட விறைப்பு. பசை எடுக்காத பட்டு இழையும் பருத்தியும் சேர்த்து நெய்யுறது அது. மடிச்ச இடத்தில் கத்தி மாதிரி நிக்கும், உடம்போட சரியாது. ஆர்கன்சா, டிஷ்யூ, கஞ்சி போட்ட காட்டன் எல்லாம் இதே குணம்தான். ஹிப் 43 இருக்கிறவங்களுக்கு அது ஹிப்லிருந்து நேரா தரைக்கு இறங்காம வெளியே தள்ளிக்கிட்டு நிக்கும்.

அதே சமயம் ஷிஃபான், ஜார்ஜெட்தான் எல்லாத்துக்கும் மருந்துன்னு சொல்றதையும் நான் ஒத்துக்க மாட்டேன். மெல்லிசான ஜார்ஜெட் ஹிப்ல ஒட்டிக்கிட்டு உள்பாவாடையோட தையல் கோடு வரைக்கும் காட்டும். இவங்களுக்கு நல்லது நடுத்தரம்: கனமா, ஆனா தொங்கக்கூடிய துணி. மைசூர் சில்க் கிரேப் ரொம்ப நல்லா இருக்கும். முறுக்கு நூலில் நெய்யுறதால சேலைக்குத் தன் எடையே போதும், நேரா இறங்கும். ரெண்டு மூணு தடவை தண்ணி பார்த்து மென்மையான செட்டிநாடு காட்டனும் பரவாயில்லை. காஞ்சிபுரம்தான் வேணும்னா, கடையில ‘சாஃப்ட் சில்க்’னு கேளுங்க. உடம்பெல்லாம் ஜரிகை புட்டா போட்ட கனத்த சேலை வேண்டாம்.

பார்டர் விஷயம் இன்னும் முக்கியம். 5 அடி 1 இன்ச் உயரத்துக்கு 2, 3 இன்ச் பார்டர் போதும். 8 இன்ச் கோர்வை (வேற நிறத்தில் கோர்த்து நெய்த) பார்டர் வந்தா தரையிலிருந்து கெண்டைக்கால் பக்கம் வரைக்கும் ஒரு பட்டை போட்ட மாதிரி காலைக் குட்டையாக்கிடும். கங்கா ஜமுனா மாதிரி மேலே ஒரு நிறம் கீழே ஒரு நிறம் இருக்கிற பார்டரும் இவங்களுக்குத் தேவையில்லை.

கருப்பு கட்டினா ஒல்லியா தெரியும்ங்கிறது பாதி உண்மைதான். பளபளப்பான கருப்பு சாட்டின், எங்கே மேடு இருக்கோ அங்கே வெளிச்சத்தை வாங்கித் திருப்பி அடிக்கும். மங்கலான மாம்பழ மஞ்சள் கிரேப் அதை விட நல்லா இருக்கும். நிறத்தை விட மினுமினுப்பைக் கவனிங்க.

தாமரைக்குளம் | பதிவு 5

கை பத்தி யாரும் பேசலையே. கை கொஞ்சம் சதைப்பிடிப்பா இருந்தா முழங்கை வரைக்கும், அதாவது எல்போ ஸ்லீவ் 10, 11 இன்ச் வெச்சிடலாம். கையும் மறையும், பட்டுக்கும் எடுப்பா இருக்கும். இதுல யோசிக்க என்ன இருக்கு?

கத்தரிமேசை | பதிவு 6

யோசிக்க இருக்கு தாமரை அக்கா. கையைத் தொங்கவிட்டு கண்ணாடி முன்னாடி நின்னு, கை முடியுற கோடு உடம்புல எந்த மட்டத்தில் வருதுன்னு பாருங்க. முழங்கை இடைக்கு நேரா வரும். 5 இன்ச் குட்டைக்கை மார்பு நுனிக்கு நேரா வரும். கண் அந்தக் கோட்டைக் கைக்கு மட்டும்னு பிரிச்சுப் பார்க்காது. இந்தக் கையிலிருந்து உடம்பைக் கடந்து அந்தக் கை வரைக்கும் ஒரே நேர்கோடா படிக்கும். மார்பு 38 இருக்கிறவங்க 5 இன்ச் கை வெச்சா மார்பு இன்னும் அகலமா தெரியும். குட்டை உடம்புக்காரங்க எல்போ வெச்சா இடை அகலமா தெரியும்.

இந்த அளவுக்கு நான் வைக்கிறது 7½, 8 இன்ச். மார்புக்கும் இடைக்கும் நடுவில் முடியும், கையோட பருமனான இடத்தையும் தாண்டிடும். கை ஓரச் சுற்று, கை அளவை விட 1 இன்ச் லூஸ். அதுக்குக் கம்மியா வெச்சா கை ஓரத்தில் சதை பிதுங்கும். அந்தப் பிதுக்கம்தான் கையைப் பருமனா காட்டும், கை காட்டாது.

பட்டுச் சேலை பார்டரை அப்படியே கைக்கு வெக்கும்போது இன்னும் கவனம். 4 இன்ச் பார்டர் 5 இன்ச் கையில் வந்தா கை முழுக்க ஜரிகைப் பட்டை. பார்டரைப் பிரிச்சு ஒன்றரை இன்ச் மட்டும் ஓரத்தில் வையுங்க, மீதியைப் பின்கழுத்துக்கு எடுத்துக்கலாம்.

தாமரைக்குளம் | பதிவு 7

இடைக்கு நேரா வரும்னு யோசிக்கலை, சரிதான். ஆனா உயரமா, மார்பு சின்னதா இருக்கிறவங்களுக்கு எல்போ நல்லாத்தான் இருக்கு, அதை மறுக்காதீங்க.

கத்தரிமேசை | பதிவு 8

மறுக்கவே இல்லை அக்கா. 5 அடி 5 இன்ச்சுக்கு மேல எல்போ அழகு. உடம்பு நீளமா இருக்கிறவங்களுக்கு குறுக்குக் கோடு உதவிதான் செய்யும்.

மடிப்புவிசிறி | பதிவு 9

சேலை கட்டிவிடுற வேலையில இருக்கிறவங்க எல்லாருக்கும் தெரிஞ்ச ஒரு கணக்கு. ஹிப் பெருசா இருந்தா கொசுவம் குறையும். ஏன்னு பாருங்க. சேலை 5.5 மீட்டர், சுமார் 216 இன்ச். ஹிப் 43-க்கு ஒரு சுத்து 46 இன்ச், ரெண்டு சுத்து 92. முந்திக்கு 65 இன்ச் வெச்சா மீதி 59. 5 இன்ச் அகல மடிப்பு ஒண்ணுக்குத் துணி 10 இன்ச் வேணும். அதனால அஞ்சு, ஆறு மடிப்புதான் வரும். ஹிப் 36 இருக்கிறவங்களுக்கு ஏழு மடிப்பு வரும். கொசுவம் குறைஞ்சா நடக்கும்போது முன்பக்கம் இறுக்கிப் பிடிக்கும், தொடைக்கு நேரா துணி இழுபடும். ஹிப் பெருசா தெரியுறதுக்கு இதுவும் ஒரு காரணம்.

இதுக்கு மடிப்பை 4 இன்ச்சா எடுங்க. ஏழு வரும். முந்தியை முழங்காலுக்குக் கொஞ்சம் மேலே நிறுத்தினா இன்னும் ஒரு மடிப்பு கிடைக்கும். குட்டையானவங்களுக்கு முந்தி கணுக்கால் வரைக்கும் தொங்குறதை விட அதுதான் சரி.

கொசுவத்தைச் சொருகுற இடம்தான் நிறைய பேர் கோட்டை விடுறது. ஏழு மடிப்பையும் ஒரே கட்டா பிடிச்சுத் தொப்புளுக்கு நேரா திணிச்சா, பதினாலு அடுக்குத் துணி ஒரு எலுமிச்சம்பழம் மாதிரி வயித்துல உருண்டு நிக்கும். சொருகுறதுக்கு முன்னாடி மேல் முனையை விசிறி மாதிரி 3 இன்ச்சுக்குப் பரப்புங்க. பரப்பி, ஒரு பின் குத்தி, அப்புறம் உள்ளே விடுங்க. வயிறு தட்டையா நிக்கும். கொசுவம் தரைக்கு இறங்கும்போது இடது பக்கம் ஒரு சின்ன சாய்வோட இருக்கட்டும். இன்னொரு பின் முழங்காலுக்கு மேலே, உள்பக்கத்து மடிப்புகளை மட்டும் சேர்த்து, வெளியே தெரியாம.

உள்பாவாடை நாலு பீஸ் நேர்க்கட்டா வாங்காதீங்க. ஆறு பீஸ் கட்டு ஹிப்ல ஒட்டிக் கீழே விரியும். ஃபிஷ் கட் ஷேப்வேர் (மீன் வால் மாதிரி கீழே விரியுற இறுக்கமான உள்பாவாடை) ஹிப்பைச் சுருக்கிக் காட்டும், உண்மை. ஆனா ஹிப் அளவுக்கு ஒரு சைஸ் கம்மியா வாங்கினா இடைக்கு மேலே சதை தள்ளி ஜாக்கெட்டுக்கும் சேலைக்கும் நடுவில் இன்னொரு மடிப்பு வரும். அப்புறம் அதுல படி ஏற முடியாது, கீழே பக்கவாட்டுப் பிளவு இருக்கான்னு பார்த்து வாங்குங்க. அன்னைக்குப் போடப்போற செருப்பைப் போட்டுக்கிட்டுத்தான் கட்டணும், தரையிலிருந்து பாவாடை ஒரு இன்ச் மேலே.

பொன்னூசி | பதிவு 10

பாவாடை நாடா பத்தி ஒண்ணு சேர்த்துக்கிறேன். கயிறு மாதிரி மெல்லிசு நாடாவை ஒரே இடத்தில் இறுக்கிக் கட்டினா சதை மேலும் கீழும் பிரிஞ்சு ரெண்டு வளையமா தெரியும். இது அழகு சம்பந்தப்பட்டது மட்டும் இல்லை. வருஷக்கணக்கா அதே இடத்தில் உராய்ஞ்சு, தோல் கருத்து, புண்ணாகி, ஆறாம விட்டுப் புற்றுநோயா மாறினது பத்தி 2024-ல பிஎம்ஜே கேஸ் ரிப்போர்ட்ஸ் மருத்துவ இதழ்ல இந்திய டாக்டர்கள் ரெண்டு பெண்களைப் பத்தி எழுதியிருக்காங்க. அரிதுதான். ஆனா இடுப்புல நாடா படுற இடத்தில் ஆறாத புண் இருந்தா உடனே தோல் டாக்டர்கிட்ட காட்டணும். நாடாவுக்குப் பதிலா ஒன்றரை இன்ச் அகலத்துக்குப் பட்டி வெச்சுப் பக்கத்தில் ஹூக் போட்ட பாவாடை தைச்சுக்கோங்க. அழுத்தமும் பரவும், கோடும் தெரியாது.

நீலச்சங்கு | பதிவு 11

குறுக்கே வர்றதுக்கு மன்னிக்கணும். வயிறு முன்னாடி இருக்கிற உடல்வாகுக்கு, மார்பு 40, இடை 39, ஹிப் 40, கால் ஒல்லி. சேலை கட்டுறது இல்லை, ஆபீஸுக்கு குர்தி மட்டும்தான். இதுக்கு என்ன பண்ணலாம்?

கத்தரிமேசை | பதிவு 12

ஸ்ட்ரெய்ட் கட் எடுங்க. முதல்ல தவிர்க்க வேண்டியது பின்னாடி கட்டுற நாட். இழுத்துக் கட்டினா முன்பக்கத் துணி வயித்து மேலே படிஞ்சு அதோட வடிவத்தை அப்படியே காட்டும். ரெண்டாவது மார்புக்குக் கீழே சுருக்கு வெச்ச யோக் மாடல். அது கர்ப்ப காலத்துல போடுற உடை மாதிரி நிக்கும். வயித்துச் சுற்றுல 3 இன்ச் லூஸ், முன்பக்கம் இடை டாட் வேண்டவே வேண்டாம், முதுகில மட்டும் ரெண்டு நீள டாட். பக்கத்துல இருந்து பார்த்தா முதுகோட வளைவு கிடைக்கும், முன்பக்கம் நேரா இறங்கும்.

இங்கே யாரும் கவனிக்காத விஷயம் ஒண்ணு இருக்கு. வயிறு துணியைத் தூக்குறதால முன்பக்க விளிம்பு பின்பக்கத்தை விட மேலே ஏறி நிக்கும், ஸ்லிட் முன்பக்கம் பிளந்துக்கிட்டு விரியும். அதனால முன்பக்கத்தை நடுவில் 1 இன்ச் நீளமா வெட்டி, பக்கத்துக்கு வரும்போது சாதாரண அளவுக்குக் கொண்டு வரணும். ஸ்லிட் ஹிப்போட அகலமான இடத்துக்கு ஒரு இன்ச் மேலேயே ஆரம்பிக்கட்டும். கால் ஒல்லின்னு சொன்னீங்க, அதுதான் உங்க பலம். பட்டியாலா, பலாசோ எல்லாம் விட்டுட்டு கணுக்கால் தெரியுற நேர் பேண்ட் போடுங்க, குர்தி முழங்கால் வரைக்கும் போதும். கழுத்து வி வடிவம், 6½ இன்ச் இறக்கம்.

மடிப்புவிசிறி | பதிவு 13

நீலச்சங்கு, என்னைக்காவது சேலை கட்டணும்னா பின்கொசுவம் யோசிச்சுப் பாருங்க. நம்ம பாட்டிகள் கட்டினது. கொசுவம் முழுக்க முதுகுப்பக்கம் போறதால வயித்துல ஒரு மடிப்புகூட உட்காராது. கண்டாங்கி மாதிரி காட்டன்ல ரொம்ப கம்பீரமா இருக்கும். ஹிப் தட்டையா இருக்கிறவங்களுக்கும் பின்னாடி ஒரு நிறைவு கொடுக்கும். ஹிப் 43-க்கு மட்டும் வேண்டாம்.

நெசவுத்தெரு | பதிவு 14

விறைப்பான துணியை நான் மேலே குறை சொன்ன மாதிரி ஆகிடுச்சு. ஒல்லியா, தோளும் இடுப்பும் ஒரே அகலமா இருக்கிறவங்களுக்கு அந்த ஆர்கன்சா, கோரா, டிஷ்யூதான் சரி. பெரிய பார்டர், குறுக்குக் கட்டம், போட் நெக், பஃப் கை எல்லாம் அவங்களுக்குத் தாராளமா போகலாம். தோள் அகலமா, ஹிப் குறுகலா இருந்தா மட்டும் போட் நெக்கும் பஃப்பும் வேண்டாம். முந்தியை மடிச்சுப் பின் குத்தாம ஒற்றையா கைமேல விழ விடுங்க, தோளோட ஓரம் மறையும்.

மல்லிச்சரம் | பதிவு 15

எவ்வளவு விவரம்! ரெண்டு சந்தேகம் பாக்கி. பின்கழுத்து 9 இன்ச் இறக்கம் கேக்குறாங்க, தோள் சரியுமேன்னு பயமா இருக்கு. அப்புறம் பிரின்சஸ் கட்டா, கட்டோரியா, நாலு டாட்டா?

கத்தரிமேசை | பதிவு 16

9 இன்ச் இறக்கலாம். இறக்கமும் அகலமும் ரெண்டும் சேர்ந்தாத்தான் சரியும். பின்கழுத்து ஆழமானா தோள் பாதி அளவை 7-லிருந்து 6½-ஆ குறைச்சு வெட்டச் சொல்லுங்க, தோள்பட்டை 2½ இன்ச்சுக்குக் குறையக் கூடாது. முன்கழுத்தை 6½-லயே நிறுத்துங்க. ரெண்டு பக்கமும் ஆழமா போனா ஜாக்கெட்டைத் தாங்க ஒண்ணும் இருக்காது. நாட் வெக்கிறதா இருந்தா தோளிலிருந்து ஒன்றரை இன்ச் கீழே.

கிரேப் சேலைக்கு பிரின்சஸ் கட் வையுங்க. 3 இன்ச் வித்தியாசத்தை ஆம்ஹோலிலிருந்து அடி வரைக்கும் ஒரே தையல்ல பிரிச்சு வாங்கிக்கும், மேலிருந்து கீழே கோடு போறதால உடம்பும் நீளமா தெரியும். கட்டோரியும் (மார்புக்குத் தனியா கிண்ணத் துண்டு வெச்சுத் தைக்கிறது) மார்புக்கு நல்லாத்தான் நிக்கும், ஆனா அந்தக் கிண்ணத்தைக் கிராஸா, அதாவது நெசவுக்குச் சாய்வா, வெட்டினாத்தான் வளைவு வரும். ஜரிகை போட்ட பட்டுத் துணியைக் கிராஸா வெட்டினா ஜரிகை ஒரு பக்கமா இழுபட்டுக் கோணும். அதனால பட்டு ஜாக்கெட்டுக்கு நாலு டாட். அடி டாட்டுக்கு அந்த 1¼ இன்ச், அதுக்கு மேல நிக்கிற லூஸை ஆம்ஹோல் டாட்டும் பக்க டாட்டும் ஹூக் பக்க டாட்டும் பகிர்ந்துக்கட்டும். ஜாக்கெட் நிறம் சேலை நிறத்திலேயே இருந்தா நல்லது. எதிர் நிறம் வெச்சா குட்டை உடம்பு மார்புக்குக் கீழே ரெண்டா வெட்டின மாதிரி நிக்கும்.

பொன்னூசி | பதிவு 17

தையலுக்குக் கொடுக்கும்போது மறக்காம கேக்க வேண்டியது ரெண்டு. லைனிங் துணியை ஒரு ராத்திரி தண்ணியில ஊற வெச்சு, காய வெச்சு, இஸ்திரி போட்ட பிறகுதான் வெட்டணும். ஊற வெக்காத காட்டன் லைனிங் முதல் துவைப்புல சுருங்கி, மேலே இருக்கிற பட்டு கொப்புளம் கொப்புளமா எழும்பும். சேலை ஃபால்ஸுக்கும் இதே விதிதான், இல்லைன்னா ஓரம் சுருட்டிக்கும்.

பட்டு ஜாக்கெட்ல பக்கத்தையலுக்கு உள்ளே ரெண்டு பக்கமும் 1½ இன்ச் துணி விடச் சொல்லுங்க, முன் துண்டிலும் பின் துண்டிலும். கிரேப் ஜாக்கெட்ல பிரின்சஸ் தையல் உள்ளேயும் அரை இன்ச் இருக்கட்டும். பட்டுல பிரிச்ச ஊசித்தடம் மறையாது, அதனால ட்ரையல் ஜாக்கெட்டை முதல்ல லைனிங் துணியில மட்டும் நூல் ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்க. அதுல எல்லாம் அமைஞ்ச பிறகு பட்டுத் துணியை வெட்டட்டும்.

மல்லிச்சரம் | பதிவு 18

லைனிங் இன்னைக்கே ஊற வெச்சுட்டேன். பாயிண்ட் உயரமும் எடுத்தாச்சு, 9¾. இடைவெளி 7½. ட்ரையல் முடிஞ்சதும் எங்கே சுருக்கம் விழுதுன்னு இதே இழையில எழுதுறேன்.